வாடை இல்லாத பசை

அக்காவுக்கு முட்டி ஆபரேஷன் என்று குழாய் பிட்டரின் மனைவி கிளம்பிப் போனாள். போகும்போது தையல் மெஷினின் தலையைக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டுதான் வண்டியில் உட்கார்ந்தாள். நாலு நாள் ஒத்தாசைக்குப் போகிறவள் மெஷின் தலையைத் தூக்கிக்கொண்டு போகமாட்டாள் என்று தெருவில் பார்த்த எல்லோருக்கும் புரிந்தது. பிட்டருக்கும் புரிந்திருக்கும். ஆனால் அவர் வண்டியின் கதவைச் சாத்திவிட்டு, கீல் தளர்ந்திருக்கிறது என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டார்.

அக்கா இப்போது கைத்தடி இல்லாமல் மாடி ஏறுகிறாளாம். இவள் இன்னும் வரவில்லை.

சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. சண்டை போடுவதற்கும் பேசத் தெரிந்திருக்க வேண்டும். பிட்டர் காலையில் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு போவார், யார் யார் வீட்டுக் குளியலறைகளிலோ நாள் முழுக்கக் குந்தியிருப்பார், சாயங்காலம் முழங்காலில் சிமெண்ட் தூசியோடு திரும்புவார். குளிப்பார். சாப்பிடுவார். "உப்பு?" என்று அவள் கேட்டால் "ம்" என்பார். அந்த "ம்" உப்பு கூடவா குறைவா என்று இத்தனை வருடத்தில் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிள்ளைகள் இல்லை. அவள் திரைச்சீலை தைத்துக் கொடுத்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தவரை அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை என்பதே வெளியே தெரியவில்லை. இப்போது மேஜையின் நடுவில் மெஷின் இருந்த இடத்தில் ஒரு செவ்வக ஓட்டை. பிட்டர் அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு, தட்டை வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

மீன்கள் அவளுடையவை. தொட்டியைச் செய்து கொடுத்தது அவள் தம்பி. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறான். சமையலறை வாசலுக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி அது இருந்தது. உள்ளே ஐந்து உருப்படிகள். உருண்டையாக ஒன்று, குண்டன். நீளமான வாலை இழுத்துக்கொண்டு திரிகிற வெளுத்த பெண்மீன், சீமாட்டி. சின்னதாக இரண்டு, பொடிசுகள். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்கிற கறுப்பன், மேஸ்திரி. மேஸ்திரி என்ற பெயரை அவள் பிட்டரை வைத்துத்தான் இட்டாள். "நாள் பூரா சுவத்துல ஒட்டிக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம வேலை பாக்குது" என்று சொன்னாள். அவர் அதற்கும் "ம்" என்றார்.

சாயங்காலம் அவர் குளித்து முடிக்கிற நேரத்துக்கு அவளிடமிருந்து போன் வரும்.

"சாப்ட்டீங்களா?"

"ம்."

"என்ன?"

"முட்டை."

"நேத்தும் முட்டைதானே?"

"ம்."

"மீனு?"

"இருக்கு."

"இருக்குன்னா? சாப்பிடுதுங்களா?"

"சாப்பிடுது."

"சரி. வைக்கறேன்."

இவ்வளவுதான். ஆனால் தவறாமல் வந்தது. தன்னைப் பற்றிக் கேட்பது வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி, உள்ளே வருவது மீனுக்காக என்று பிட்டர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். மீன் இல்லையென்றால் இந்தப் போன் வராது. அவருக்கு வேறு பயம் இல்லை. வேலையில் ஐந்தாவது மாடியின் வெளிச்சுவரில் கயிறு கட்டித் தொங்கியிருக்கிறார். அப்போதெல்லாம் பயப்படவில்லை. தொட்டியைப் பார்க்கும்போது பயமாக இருந்தது.

தண்ணீர் கலங்க ஆரம்பித்ததுதான் தொடக்கம். வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றுவது அவள் வேலை. பிட்டர் ஒரு வாரம் மாற்றினார், மறு வாரம் மறந்தார், அதற்கடுத்த வாரம் மழை. மழையில் வேலை இழுத்துக்கொண்டு போனது. ஈரச் சுவரில் எதுவும் ஒட்டவில்லை. வீட்டுக்கு வந்தால் தொட்டி கழனித்தண்ணீர் மாதிரி இருந்தது. மீன் கடைக்குப் போனார். கடையை நடத்துகிறவள் கை இரண்டும் முழங்கைவரை நனைந்தே இருக்கிற ஒரு பெண்.

"அண்ணே, உங்ககிட்ட இருக்கற வடிகட்டி பொம்மை சைஸ். அஞ்சு மீனு கழிக்கறத அது எங்க வடிகட்டும்? பெருசா ஒண்ணு வாங்கிப் போடுங்க."

அவர் கடையில் தொங்கிய வடிகட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சின்ன மோட்டார், ஒரு டப்பா, ரெண்டு குழாய், கொஞ்சம் பஞ்சு.

"இதுல என்ன இருக்கு? இதை நானே செய்வேன்."

"செய்யுங்க. ஆனா மீனு உங்க பாத்ரூம் இல்ல, பாத்துக்கோங்க."

இந்த ஊரில் பாதி வீட்டுக் குழாய்கள் தன் கைப்பட்டவை என்று அவளிடம் சொல்லத் தோன்றியது. மோட்டாரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்.

வேலை அவருக்குச் சுலபம். தொட்டிக்கு மேலே சுவரில் பலகை அடித்து அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் டிரம்மை உட்கார வைத்தார். தொட்டியிலிருந்து மோட்டார் தண்ணீரை மேலே தள்ளும். டிரம்முக்குள் கல்லும் பஞ்சும் கடந்து, அடியில் வைத்த குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்பும். டிரம்மின் நடுவே ஒரு தடுப்பு. குழாய்களை அளந்து அறுத்தார், முனையின் பிசிறைக் கத்தியால் வழித்தார், எல்லாக் குழாய்வேலைக்காரரும் 'சொல்யூஷன்' என்று கூப்பிடுகிற பசையைத் தடவி, செருகி, கால் திருப்புத் திருப்பி, மூச்சுப் பிடித்து அமுக்கினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டிரம்மில் ஓட்டை போட்ட இடத்தில் ரப்பர் வாஷரும் மரையும் வைத்து முறுக்கினார். அதுவே போதும். ஆனால் பிட்டர் போதும் என்கிற இடத்தில் நிற்கிறவர் அல்ல. அவர் வேலைசெய்த வீட்டில் சொட்டுக் கசிந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை. காரணம், முறுக்கிய இடத்துக்கு மேலேயும் சிலிக்கான் பசையால் ஒரு தடிமனான பட்டை இழுத்துவிடுவார். அலமாரியில் இரண்டு சிலிக்கான் குழல்கள் இருந்தன. ஒன்று கண்ணாடிக்காரர்கள் பயன்படுத்துகிற மலிவுச் சரக்கு. மூடியைத் திறந்ததுமே புளித்த வாடை மூக்கில் ஏறிக் கண் கரித்தது. மற்றது ஒரு பெரிய வீட்டில் மிஞ்சிய உயர்ந்த ரகம். குளியலறைக்கென்றே செய்தது. வாடையே இல்லை. வருடக்கணக்கில் கறுக்காது, பூஞ்சை பிடிக்காது என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. அவர் இரண்டையும் முகர்ந்து பார்த்தார். இவ்வளவு நாறுவது மீனுக்கு ஆகுமா? மலிவைத் தள்ளி வைத்துவிட்டு நல்லதை எடுத்தார்.

தடுப்பின் நாலு ஓரமும், ஓட்டையின் உள்ளும் புறமும், தாராளமாக இழுத்தார். சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து ஒரே இழுப்பில் வழித்தார். கோடு போட்டது மாதிரி வந்தது. காயவைத்தார், தண்ணீர் நிரப்பினார், ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே செய்தித்தாளை விரித்து வைத்தார். அவருடைய பரிசோதனை அதுதான். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் வட்டம் தெரியும். காலையில் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எல்லாம் மொடமொடவென்று இருந்தன.

அன்று சாயங்காலம் போனில் அவராகவே ஒரு வாக்கியம் சொன்னார்.

"பில்டர் செஞ்சேன்."

"யாரு, நீங்களா? எதுக்கு?"

"தண்ணி கலங்குது."

"தம்பிகிட்டக் கேட்டீங்களா?"

"எதுக்கு? தண்ணி வேலை எனக்குத் தெரியாதா?"

அவள் சிரித்தாள். பெரிய சிரிப்பில்லை, மூக்கால் விடுகிற காற்று. பிட்டர் போனை வைத்த பிறகும் அதைக் காதருகிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்தது. பொடிசுகளில் ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மறுநாள் காலை அது பக்கவாட்டில் மிதந்தது. அதற்கு என்ன வந்ததோ என்று பிட்டர் நினைத்தார். அதை எடுத்து, ஒரு சொட்டும் படாத அந்தச் செய்தித்தாளில் ஒன்றிலேயே சுற்றிக் குப்பையில் போட்டார். இரண்டாவது பொடிசும் போனது. பழைய தண்ணீரின் அழுக்கு இன்னும் இருக்கிறது என்று மோட்டாரைக் கூடுதல் வேகத்தில் வைத்தார். தண்ணீர் இன்னும் வேகமாக அந்த வெள்ளைப் பட்டைகளை உரசிக்கொண்டு இறங்கியது. வாரக் கடைசியில் சீமாட்டி அடியில் கிடந்தாள். வால் மட்டும் மோட்டாரின் இழுப்புக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதனால் உயிரோடு இருப்பதாக நினைத்து வெகுநேரம் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

போன் வந்தது.

"சீமாட்டி என்ன பண்றா?"

சொல்லியிருக்க வேண்டும். "ம்" என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் "ம்" என்பதற்கு இப்போது வாய் வரவில்லை.

"கண்ணாடியில மூக்கை வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கா."

"உங்களையா?"

"வேற யாரு இருக்கா?"

"அய்யோ, அவ அப்படித்தான். பசிச்சா முறைப்பா. போட்டீங்களா?"

"போட்டேன். குண்டன் வந்து குறுக்க விழுந்து தின்னுட்டான்."

"பாவி! நீங்க அவனை அந்தப் பக்கம் விரட்டிட்டு இவளுக்குத் தனியாப் போடணும்."

"விரட்டினேன். போயிட்டுத் திரும்பி வர்றான். வெக்கமே இல்ல."

அவள் சிரித்தாள். இந்தத் தடவை முழுசாக. பின்னால் அவள் அக்கா "யாருடி அது, இப்படிச் சிரிக்கிற?" என்று கேட்டது இங்கே கேட்டது. "அவருதான்" என்று இவள் சொன்னதும், "எவரு?" என்று அக்கா திரும்பக் கேட்டதும் கேட்டது.

அதற்குப் பிறகு பிட்டர் வேலையிடத்திலேயே யோசிக்க ஆரம்பித்தார். டைல்ஸ் இடுக்கில் பட்டை இழுத்துக்கொண்டே, இன்றைக்குச் சீமாட்டி என்ன செய்தாள் என்று கதை கட்டுவார். கல்லுக்குள் ஒளிந்துகொண்டாள். வாலை மேஸ்திரி மிதித்துவிட்டான். பொடிசுகள் இரண்டும் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் நிற்கின்றன. சாயங்காலம் சீக்கிரம் கிளம்பினார். குளித்து, தலையைத் துவட்டி, போனைப் பலகையின்மேல் வைத்து, அதற்கு முன்னால் உட்கார்ந்தார். குண்டனும் செத்த அன்றைக்கு அவர்கள் ரொம்ப நேரம் பேசினார்கள். குண்டன் உணவுக்காகத் தண்ணீரை விட்டே எகிறியதாக அவர் சொன்னார். மனிதர் கையை ஆட்டிப் பேசினார், யாரும் பார்க்கவில்லை. தொட்டியில் மேஸ்திரி மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"இவ்ளோ பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாதே" என்றாள் அவள். பிறகு, "ஞாயித்துக்கிழமை வந்து அதுங்களப் பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

பிட்டர் "ம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே மச்சினன் வந்தான். பிட்டரின் மனைவி போனில் பில்டரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாளாம். பார்த்துவிட்டுப் போக வந்தானாம். வாசலிலேயே செருப்போடு நின்று அண்ணாந்து பார்த்தான்.

"என்ன மாமா, இது பில்டரா அணைக்கட்டா?"

"சொட்டுக் கசியாது."

"கசியாது, கசியாது. பூகம்பம் வந்தாலும் இது நிக்கும். நம்மதான் இருக்க மாட்டோம்." நாற்காலியில் ஏறி டிரம்முக்குள் எட்டிப் பார்த்தான். "அடேயப்பா! கேக்குக்கு கிரீம் வச்ச மாதிரி வச்சிருக்கீங்க. எந்த டியூப் இது?"

பிட்டர் எடுத்துக் கொடுத்தார். மச்சினன் அதை வாங்கி, திருப்பி, பின்பக்கம் படித்தான். அவன் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் காலியானது.

"மாமா, இதைப் படிச்சீங்களா?"

"பூஞ்சை பிடிக்காதுன்னு போட்டிருக்கு."

"ஏன் பிடிக்காது?"

"நல்ல சரக்கு. அதான்."

"உள்ள மருந்து கலந்திருக்கான் மாமா. பூஞ்சையக் கொல்ற மருந்து. குளியலறைச் சுவத்துல அது கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துக்கிட்டே இருக்கணும். வந்தாதான் பூஞ்சை சாகும். பூஞ்சையக் கொல்றது மீனை மட்டும் மடியில தூக்கி வச்சுக் கொஞ்சுமா?"

"வாடையே இல்லடா அதுல. உன் சரக்குதான் கண்ணு எரியுது."

"எரியும். நாங்க தொட்டி ஒட்டறதே அதை வச்சுத்தான். வேற ஒண்ணும் கலக்காத வெறும் சரக்கு. காயறவரைக்கும் நாறும். ஒரு வாரம் காத்தாட விட்டா வாடை போயிடும், அப்புறம் அது வெறும் ரப்பர். வாடை இல்லாத எல்லாமே விஷம்னு நான் சொல்ல வரல. மூக்கை நம்பாதீங்க, எழுத்தைப் படிங்கன்னு சொல்றேன். பூஞ்சைன்னு ஒரு வார்த்தை இருந்துச்சா, தொட்டி இருக்கற ரூமுக்கே கொண்டு வரக்கூடாது." அவன் பட்டையை நகத்தால் நெருடினான். அது டிரம்மை விட்டுத் தோல் உரிந்த மாதிரி நீளமாகக் கையோடு வந்தது. "பாருங்க, இந்த பிளாஸ்டிக்ல இது ஒழுங்கா ஒட்டவும் ஒட்டாது. ரப்பர் வாஷர்தான் தண்ணியப் பிடிச்சு வச்சிருக்கு. இவ்ளோ அழகா எப்படி வழிச்சீங்க?"

"சோப்புத் தண்ணி."

"சோப்புத் தண்ணி வேறயா!" என்று நாற்காலியிலிருந்து இறங்கினான். "நல்லவேளை, பினாயில் ஊத்தல."

பிட்டர் தொட்டியைப் பார்த்தார். இத்தனை வருடம் அவர் தண்ணீர் எங்கேயிருந்து வெளியே போகும் என்று மட்டும்தான் யோசித்திருக்கிறார். தண்ணீருக்குள் என்ன போகும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எந்த வீட்டிலும் யாரும் கேட்டதும் இல்லை.

மச்சினனும் அப்போதுதான் தொட்டியைப் பார்த்தான். குனிந்து, கல்லுக்குப் பின்னால் தேடினான்.

"மத்ததெல்லாம் எங்க?"

பிட்டர் நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளினார்.

"செத்துடுச்சா? எல்லாமா? நேத்துதானே அக்கா சொல்லுச்சு, குண்டன் எகிறிக் குதிச்சான், நீங்க பதறிப் போயிட்டீங்கன்னு..." அவன் நிறுத்தினான். மாமாவைப் பார்த்தான். "மாமா, நீங்களா அதெல்லாம் சொன்னது?"

"அவ கேட்டா."

"கேட்டா இப்படியா? சீமாட்டி உங்களையே மூக்கை வச்சுப் பாக்குதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்குது மாமா அக்கா. எங்க பெரியக்கா என்கிட்ட கேக்குது, உங்க மாமாவுக்கு யாராவது சொல்லிக் குடுக்கறாங்களான்னு."

மேஸ்திரியை முதலில் வெளியே எடுத்தார்கள். முன்னாலேயே பிடித்து வைத்திருந்த சுத்தமான தண்ணீர் வாளியில் விட்டார்கள். அவன் வாளியின் சுவரில் வாயை ஒட்டிக்கொண்டான். மச்சினன் மோட்டாரை நிறுத்தினான். கல், பஞ்சு, டிரம் எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொன்னான். மருந்து ஊறியதைக் கழுவி எடுக்க முடியாது என்றான். போகும்போது வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"நாலு மீனு வாங்கி விட்டுடுங்க. அதே கலரு, அதே சைஸு. அக்கா வர்றதுக்குள்ள. நான் வாயைத் திறக்க மாட்டேன். மீனுக்கு மீனு என்ன பெரிய அடையாளம்?"

பிட்டர் மீன் கடைக்குப் போனார். விளக்கு போட்ட தொட்டிகளுக்கு நடுவே அந்தப் பெண் வலையோடு நின்றாள். என்ன வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகக் காட்டினாள். குண்டனுக்கு ஆள் கிடைத்தது. பொடிசுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. கடைசியில் வெளுத்த நீள வால் ஒன்றை வலையில் அள்ளிப் பையில் விட்டு, அவர் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"இதுதானே நீங்க சொன்னது?"

அவர் பார்த்தார். வெளுப்பு சரி. வால் சரி. ஆனால் சீமாட்டி திரும்பும்போது இடது பக்கம் லேசாகச் சாய்ந்து, பிறகுதான் நேராவாள். செவுளுக்குக் கீழே மை தெறித்த மாதிரி ஒரு புள்ளி. இதெல்லாம் தனக்கு எப்போது தெரிந்தது என்று அவருக்கே தெரியவில்லை. உயிரோடு இருந்தபோது அவர் அதைக் கவனித்ததாக ஞாபகம் இல்லை.

"இது அவ இல்ல."

"எவ இல்ல? அண்ணே, மீனுண்ணே இது."

"ம்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார். அவருக்கே இது தெரிகிறதென்றால் அவளுக்கு வாசலிலிருந்தே தெரியும்.

போன் வந்ததும், அவள் சாப்பாட்டைக் கேட்பதற்கு முன்னால், சொல்லிவிட்டார்.

"மீனு செத்துப்போச்சு. மேஸ்திரி மட்டும் இருக்கான்."

"என்ன? எப்ப? இன்னைக்கா?"

"இல்ல. பில்டர் போட்டதுலேருந்து ஒண்ணொண்ணா. பசை சேரல. பாத்ரூம்ல போடறதைப் போட்டுட்டேன்."

"சீமாட்டி?"

"அது போயி ரொம்ப நாளாச்சு."

அவள் எண்ணிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. எந்தப் பேச்சு எந்த நாள், எந்தச் சிரிப்புக்கு எந்த மீன்.

"அப்ப மூக்கை வச்சுப் பாத்தது? குண்டன் குதிச்சது?"

"நானாச் சொன்னது."

"உயிரோட இருந்தப்ப அதுங்களப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசினதில்ல" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "என்னைப் பத்தியும் பேசினதில்ல, உங்களைப் பத்தியும் பேசினதில்ல. இப்பத்தான் மனுஷன் வாயைத் திறக்கறாரேன்னு நான் பெட்டிய எடுத்து வச்சேன். செத்ததை வச்சுப் பேசியிருக்கீங்க."

"நீ கேட்டியே..."

"நான் மீனை மட்டுமா கேட்டேன்?"

வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. மச்சினன் வந்தான். என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, கேட்கவில்லை. புது டிரம் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். இரண்டு பேரும் மத்தியானம் முழுக்க வேலை செய்தார்கள். வெளியே மழை நசநசத்துக்கொண்டிருந்தது. ஓட்டைக்கு ரப்பர் வாஷரும் மரையும் மட்டும். பிட்டரின் கை பழக்கத்தில் டியூபைத் தேடியது.

"தொடாதீங்க."

"சும்மா மேலாப்புல ஒரு கோடு."

"ஒரு புள்ளிகூட வேணாம். வாஷர் பிடிக்கும். மரை சேர்ற இடத்துல வெள்ளை டேப் சுத்துங்க, போதும்."

"டிரம்முக்கு உள்ள இருக்கற குழாய்?"

"சொருகி விடுங்க. ஒட்டவே வேணாம். உள்ள கசிஞ்சா எங்க போகும்? டிரம்முக்குள்ளதான் போகும்."

பிட்டருக்கு அது ஜீரணமாகவில்லை. ஒட்டாத குழாயை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். தன் வாழ்நாளில் ஒரு இணைப்பை இப்படி அம்போவென்று விட்டதில்லை என்றார். "விட்டுத்தான் பாருங்களேன், ஒண்ணும் ஆகாது" என்றான் அவன். தொட்டியின் பழைய மூலையில் ஒரே ஒரு இடத்தில் கண்ணாடி ஒட்டு விட்டிருந்தது. அங்கே மட்டும் பழையதை பிளேடால் சுத்தமாக வழித்தான். பழைய சிலிக்கானின் மேல் புதியது ஒட்டாது என்றான். தன் புளித்த சரக்கை அரிசி கனத்துக்கு வைத்தான். வீடு முழுக்க வாடை. ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். வெளிக் குழாய்களின் 'சொல்யூஷன்' காயட்டும், நாலைந்து தடவை தண்ணீர் ஓட்டிக் கொட்டட்டும், வாடை துளிகூட இல்லை என்றால் மேஸ்திரியை விடலாம் என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிட்டர் குளித்துவிட்டுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார், முட்டையைத் தின்றார், வாளித் தண்ணீரை மாற்றினார். வாடை தேய்ந்துகொண்டே வந்தது. ஒருநாள் மூக்கைக் கண்ணாடி மூலையில் வைத்து இழுத்தபோது ஒன்றுமே இல்லை. மேஸ்திரியைத் தொட்டியில் விட்டார். அவ்வளவு பெரிய தண்ணீரில் அவன் ஒருத்தன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டான். பிழைத்துக் கிடந்தான். அதைச் சொல்வதற்கும் போன் வரவில்லை.

அவர் இதுவரை அவளைக் கூப்பிட்டதில்லை. எண்ணைத் தேடுவதற்கே நேரம் பிடித்தது.

"என்ன?" என்றாள். "மேஸ்திரியும் போயிட்டானா?"

"இல்ல. இருக்கான்."

"அப்புறம்?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாம எதுக்குப் பண்ணீங்க?"

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கழுவுகிறாள்.

"நான் வரப்போறேன்னு நினைச்சுடாதீங்க."

"நினைக்கல."

"உண்மையா நடந்தது எதாவது இருந்தாச் சொல்லுங்க. இல்லேன்னா வைக்கறேன், கை ஈரம்."

பிட்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். சொல்லும்படியாக எதுவும் இல்லை. எதுவும் நடப்பதில்லை என்றுதான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஒரு வீட்ல ஷவர் மாத்தினேன்."

"ம்."

"வயசான மனுஷன். தனி ஆளு. பாத்ரூம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. நாள் பூரா நான் வேலை செய்யறதையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் பேசல."

"நீங்க?"

"நானும் பேசல."

குழாய் நின்றது. அவள் கையைத் துடைக்கிறாள்.

"கிளம்பறப்ப, நாளைக்கும் வருவீங்களான்னு கேட்டாரு. வேலை முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். படியில இறங்கி, கீழ கொஞ்சநேரம் நின்னேன். ஒரு வாஷர் மாத்தணும்னு சொல்லியிருக்கலாம்."

அவள் போனை வைக்கவில்லை. பிட்டர் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். நடந்தது அவ்வளவுதான்.

"நாளைக்குப் போய் மாத்திட்டு வாங்க" என்றாள்.

"நல்ல வாஷராத்தான் போட்டிருக்கேன். அது பத்து வருஷத்துக்குத் தாங்கும்."

"தாங்கட்டும். மாத்திட்டு வந்து, அவரு என்ன சொன்னாருன்னு சொல்லுங்க."